திரையின் வலது ஓரம்

பிரிசில்லா எதையும் ஒரே தடவையில் நம்பியவள் அல்ல. பெங்களூர் ஓசூர் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை. இயந்திரம் காட்டும் எண் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தால் அதே ரத்தத்தை இன்னொரு இயந்திரத்தில் ஓட்டுவாள். அதோடு விடமாட்டாள். நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தத்தையும் கூடவே ஓட்டிப் பார்ப்பாள். அதிலும் அதே கோணல் வந்தால் கோளாறு நோயாளியிடம் இல்லை, இயந்திரத்தில்.

குணசேகரைக் கட்டிக்கொள்வதற்கு முன்னும் அப்படித்தான். இரண்டு பேரும் கோலார் தங்கவயல்காரர்கள், இரண்டு அப்பாக்களும் சுரங்கத்தில் இறங்கியவர்கள் என்பதெல்லாம் அவளுக்குப் போதவில்லை. மர்பி டவுனில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா பெர்னதெத்தை, மாப்பிள்ளை ஏறும் பஸ் நிறுத்தத்தில் மூன்று நாள் காவல் நிற்க வைத்தாள். அக்கா வந்து சொன்னாள்: "மூணு நாளும் அதே பஸ்ஸு, அதே ஜன்னல் சீட்டு. ஏறுன ஒடனே தூங்கிடறான்டி. தப்பு பண்றவன் இவ்ளோ நிம்மதியா தூங்க மாட்டான்."

இருபத்தெட்டு வருஷம் ஓடியது. பிள்ளைகள் இல்லை. சந்தாபுராவில் சின்னதாக ஒரு வீடு. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில், அச்சுகளையும் கருவிகளையும் துல்லியமாக வெட்டும் டூல் ரூமில் குணசேகருக்கு வேலை. இந்த ஆகஸ்டில் ஒரு காலை, கம்பெனி பஸ்ஸிலிருந்து எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தே இருந்தார். வழக்கமான தூக்கம் என்று நினைத்து டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தாராம்.

குணசேகருக்கு ஒரே ஒரு பித்து உண்டு. காகிதப் பொம்மை. குழந்தைகள் செய்வது போன்றதல்ல. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ரயில் எஞ்சின், கலங்கரை விளக்கம், பாலம் என்று ஒவ்வொன்றையும் உறுப்பு உறுப்பாக வரைந்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். அவற்றை இறக்கி, தடித்த தாளில் அச்செடுத்து, பிளேடால் வெட்டி, மடித்து ஒட்டுவார். கடைசியாகச் செய்துகொண்டிருந்தது ஒரு துறைமுகக் கிரேன். மொத்தம் பன்னிரண்டு தாள். பத்து தாள் முடிந்து, கிரேன் கை இல்லாமல் மேஜையில் நின்றது.

அடக்கம் முடிந்த வாரம் பிரிசில்லா அந்த மேஜையைத் துடைத்தாள். கம்ப்யூட்டர் திரையின் வலது ஓரத்தில், கதவுபோல் மடங்கித் திறக்கும்படி ஒரு தடித்த தாள் ஒட்டியிருந்தது. நாலு விரல் அகலம், திரையின் உயரம், நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. வெட்டி மிஞ்சியது எதையோ ஒட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்து அதைப் பிரித்து, துண்டுக் காகிதங்கள் கிடந்த செருப்பு டப்பாவில் போட்டாள்.

அக்டோபர் மூன்றாம் வாரம் பெர்னதெத் போன் செய்தாள். "கல்லறைத் திருநாள் வருது பிரிசி. கல்லறைக் கல்லுல எழுத குடுத்துட்டியா? அந்த கிரேனையும் முடிச்சி போட்டோ பக்கத்துல வை. பாவம், ஒத்தக் கையில்லாம நிக்குது."

அது சரியென்று பட்டது. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், ஆகஸ்டுக்குப் பிறகு முதன்முறையாகக் கம்ப்யூட்டரைப் போட்டாள். மீதி இரண்டு தாளை அச்செடுக்கலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தாள். இடது பக்கம் கிரேன் வந்தது. வலது பக்கம் பெண்கள் வந்தார்கள்.

ஒருத்திக்குக் கீழ் ஒருத்தியாக மூன்று பேர். தோள் தெரியும் சட்டை, கடிக்கிற மாதிரி சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில்: பொம்மசந்திராவில், உங்களிடமிருந்து இரண்டே கிலோமீட்டரில், தனிமையில் இருக்கும் பெண்கள். பேசத் தயாரா?

அவள் முதலில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தாள். பெண்கள் போகவில்லை. அவர்களுக்கு நடுவே "டவுன்லோட்" என்று நாலைந்து பச்சைப் பொத்தான்கள். பெரியதை அமுக்கினாள். உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ் இருக்கிறது என்று ஒரு சிவப்புப் பக்கம் அலறியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

சந்தாபுரா என்று போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பொம்மசந்திரா. அவர் வேலை பார்த்த இடம்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில், பக்கத்து மேஜை சோனியாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். சோனியாவுக்கு இருபத்தைந்து வயது. செல்போனைப் பார்க்காமலே தட்டச்சு செய்வாள்.

"நேத்து அவரு கம்ப்யூட்டரப் போட்டேன். இந்த நெட்ல விளம்பரம் வருதே, அதெல்லாம் எப்படிம்மா வருது?"

"நாம இன்னா தேடறமோ அதான் ஆன்ட்டி வரும். நான் ஒரு வாட்டி செருப்பு பார்த்தேன், ஒரு மாசம் செருப்பாலயே அடிச்சாங்க. ஏன், அங்கிள் கம்ப்யூட்டர்ல இன்னா வருது?"

"குக்கர்" என்றாள் பிரிசில்லா.

"அங்கிள் குக்கர் தேடினாரா! சோ ஸ்வீட் ஆன்ட்டி. உங்களுக்கு வாங்கித் தரத்தான் இருக்கும்." சோனியாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "தொந்தரவா இருந்தா ஆட் பிளாக்கர் போட்டுடுங்க. விளம்பரம் ஒண்ணுமே வராது. மேல மூலையில கேடயம் மாதிரி ஒரு படம் இருக்கும், அதுல ஆன் பண்ணணும்."

அன்று மத்தியானம் கல்லறைக் கல் வெட்டும் கோவிந்தன் போனில் கூப்பிட்டார்.

"மேடம், கல்லுல எழுதற மேட்டர் இன்னும் வரலியே. 'அன்புக் கணவர்'னு ஆரம்பிச்சி கீழ 'மனைவி பிரிசில்லா'ன்னு போட்டுடவா? எல்லாரும் அதான் போடறாங்க."

"பேரு, தேதி மட்டும் வெட்டுங்க. மீதி அப்புறம் சொல்றேன்."

"மீதிக்கு எடம் உடட்டுமா, வேணாமா? அத்த மொதல்ல சொல்லுங்க. இது கல்லு மேடம். அப்புறம் அழிச்சிட்டு எழுத முடியாது. திங்கக்கிழம காத்தால ஆரம்பிச்சாதான் திருநாளுக்கு நட முடியும்."

"திங்கட்கிழமை சொல்றேன்."

பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள். ஜூனில் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை ஓவர்டைம். போனை எப்போதும் கவிழ்த்து வைக்கும் பழக்கம். கண்ணாடி மாற்றினாரே, வெள்ளி ஃப்ரேம்தான் வேண்டும் என்றாரே, யாருக்காக? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதபோது சந்தேகம் தன் இஷ்டத்துக்கு வளர்கிறது. இருந்திருந்தால் மூஞ்சிக்கு நேராகக் கேட்டிருப்பாள். அவரும் பேந்தப் பேந்த விழித்திருப்பார். அந்த விழிப்பிலேயே விஷயம் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு, சோனியா சொன்ன கேடயத்தைத் தேடினாள். தேட வேண்டிய அவசியமே இல்லை. மூலையில் ஏற்கெனவே இருந்தது. குணசேகரே போட்டு வைத்திருக்கிறார். அமுக்கியதும் ஒரு பட்டியல் விரிந்தது. எல்லாத் தளங்களிலும் விளம்பரத்துக்குத் தடை. விலக்கு: ஒன்று. அந்த ஒன்று, கிரேன்காரரின் பக்கம்.

பட்டியலை இன்னொரு தடவை மேலிருந்து படித்தாள். உலகத்து விளம்பரத்தையெல்லாம் அடைத்த மனுஷன், இந்தப் பெண்கள் வரும் வாசலை மட்டும் தன் கையால் திறந்து வைத்திருக்கிறார். தெரியாமல் வந்தது என்று சொல்லவும் இடமில்லை.

வந்த கோபத்தில் அந்த விலக்கையும் தட்டி அடைத்தாள். பெண்கள் காணாமல் போனார்கள். அவர்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி எழும்பியது. ஆங்கிலத்தில் சில வரிகள்.

நண்பரே, நீங்கள் விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கிறீர்கள். குற்றம் சொல்லவில்லை. நான் தொழிற்சாலைக்குப் படம் வரைந்து ஓய்வுபெற்றவன். இந்தத் தளம் விளம்பரத்தால்தான் ஓடுகிறது. என்ன விளம்பரம் வருமென்று தேர்ந்தெடுப்பது நான் இல்லை. சில அசிங்கமானவை, மன்னியுங்கள். முடிந்தால் என் பக்கத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

இரண்டு தடவை படித்தாள். இப்படிக் கேட்டிருந்தால் குணசேகர் திறந்துவிடக்கூடிய ஆள்தான். பஸ்ஸில் ஏறிப் பேனா விற்பவரிடம், வீட்டில் பதினெட்டுப் பேனா இருக்க, பத்தொன்பதாவது வாங்கியவர். ஆனால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தேர்ந்தெடுப்பது அந்தக் கிழவர் இல்லையென்றால் வேறு யார்? நாம் தேடுவதுதான் வரும் என்றாளே சோனியா. பொம்மசந்திராவைத் தேடியது யார்?

படுக்கப் போகும்போதுதான் தோன்றியது. ஒரே இயந்திரத்தில், ஒரே ரத்தத்தைத்தான் இதுவரை பார்த்திருக்கிறாள்.

ஞாயிறு பூசை முடிந்து நேராக மர்பி டவுன் போனாள். பெர்னதெத்துக்கு அறுபத்திரண்டு வயது. கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுப்பவள். வீட்டுக் கம்ப்யூட்டரில் பாடற்குழுவுக்குப் பாட்டுத் தாள் எடுப்பதையும் செபமாலை போட்டுக் கேட்பதையும் தவிர வேறெதுவும் நடந்ததில்லை. இதைவிட நல்ல ரத்தம் பெங்களூரில் கிடைக்காது.

"உன் கம்ப்யூட்டரக் கொஞ்சம் குடு. கிரேன் தாள் எடுக்கணும்" என்றாள். முகவரியைத் தட்டினாள். இடது பக்கம் கிரேன். வலது பக்கம், அதே மூன்று பேர். அதே தோள், அதே சிரிப்பு. கீழே: அல்சூரில், உங்களிடமிருந்து இரண்டே கிலோமீட்டரில்.

காப்பித் தம்ளரோடு வந்த பெர்னதெத் பின்னால் நின்றபடியே வாசித்தாள்.

"ஏசுவே! இன்னாடி இது? என் கம்ப்யூட்டர்லயா? ஃபாதர் போன வாரம்தான் இதுல உக்காந்து பிரசங்கம் டைப் அடிச்சிட்டுப் போனாரு!"

"ஃபாதர் ஒண்ணும் தேடல. நீயும் தேடல."

"நான் எதுக்குடி தேடணும் இவளுங்கள?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "அல்சூராம். இந்த மூஞ்சிய அல்சூர் மார்க்கெட்டுல நான் பார்த்ததே இல்ல. நாப்பது வருஷமா அங்கதான் கத்திரிக்கா வாங்கறேன்."

பிரிசில்லா சிரித்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு; வந்த வேகத்தில் அது வேறாக மாறிவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெர்னதெத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவரு கம்ப்யூட்டர்ல பொம்மசந்திரான்னு வந்துச்சுக்கா."

அக்காவுக்கு முழுசாகப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தலையில் தட்டினாள். "அட லூசு. பஸ்ல தூங்கறதுக்கே டைம் பத்தாத மனுஷன்டி அவரு."

"எனக்கு இன்னும் ஒண்ணு வெளங்கல. நாங்க இருக்கறது சந்தாபுரா. அது எதுக்கு பொம்மசந்திராங்குது?"

அங்கிருந்தே இன்டர்நெட் கேபிள்காரனுக்குப் போன் போட்டாள். அவன் சாப்பாட்டு வாயோடு பேசினான். "நம்ம ஆபீஸு பொம்மசந்திரால கீது மேடம். லைன் அங்கருந்துதான் வருது. உங்க ஏரியா முழுக்க நெட்டுக்கு பொம்மசந்திராதான். ஏன், ஸ்பீட் வரலியா?"

"வருது" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேடயத்தை அமுக்கி, அடைத்த விலக்கைத் திரும்பக் கொடுத்தாள். பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கூடவே அந்தப் பச்சைப் பொத்தான்கள். இதில் எது நிஜம்? குணசேகர் ஒவ்வொரு தடவையும் எப்படிக் கண்டுபிடித்தார்? இந்த மூஞ்சிகளைப் பார்த்துக்கொண்டேவா கிரேன் கட்டினார்? அந்த ஒரு முள் மட்டும் இன்னும் குத்திக்கொண்டிருந்தது.

திரையின் வலது சட்டத்தில் பழைய பசைத் தடம் இரண்டு தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவள் எழுந்து போய்ச் செருப்பு டப்பாவைக் கவிழ்த்தாள்.

நாலு விரல் அகலத் தாள் அடியில் கிடந்தது. பசைத் தடத்தின்மேல் வைத்து அமுக்கிக் கதவைச் சாத்துவதுபோல் மடக்கினாள். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. மூன்று பெண்களும் மறைந்தார்கள். பொய்ப் பொத்தான்கள் மறைந்தன. நடுவிலிருந்த சதுர ஓட்டையில் ஒரே ஒரு பொத்தான் மட்டும், சின்னதாக, நீல நிறத்தில் தெரிந்தது. டூல் ரூம்காரர் வெட்டிய ஓட்டை. விளிம்பில் ஒரு பிசிறு இல்லை.

கிழவர் பிழைக்கட்டும் என்று விளம்பரத்தைத் திறந்துவிட்டிருக்கிறார். தான் பார்க்கவேண்டாம் என்று கதவும் போட்டிருக்கிறார். அவளிடம் இதைச் சொல்லத் தோன்றவே இல்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

ஓட்டை வழியாக அமுக்கினாள். பதினொன்றாம் தாள் இறங்கியது.

திங்கட்கிழமை காலை கோவிந்தன் கூப்பிடும் முன்பே அவள் கூப்பிட்டாள்.

"எடம் உடுங்க. நீங்க சொன்ன மாதிரியே போடுங்க. மேல 'அன்புக் கணவர்', கீழ 'மனைவி பிரிசில்லா'."

"அவ்ளோதானே மேடம்? வெட்டிடவா?"

"இருங்க. மொதல்ல சாக்பீஸ்ல எழுதி போட்டோ அனுப்புங்க. நான் பார்த்துட்டு சொல்றேன்."

அரை மணியில் போட்டோ வந்தது. பார்த்தாள். நோயாளி ஒருவரின் ரத்தம் இருந்த சோதனைக் குழாயை இயந்திரத்தில் வைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை பார்த்தாள். அதன் பிறகுதான், "வெட்டுங்க" என்று அனுப்பினாள்.