பெற்றோல் வரிசையில் ஒரு பற்றறி ஓட்டோ

நெடுங்கேணிச் சந்தியில் ஆண்டியப்பனின் பெயரைச் சொன்னால் இப்போதும் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர் பட்ட பாட்டைப் பட்டிருந்தால் அவர்களும் அதையேதான் செய்திருப்பார்கள்.

வயது ஐம்பத்தெட்டு. தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர் தகப்பன். மகனுக்கோ மண்வெட்டியைவிட வாகனத்தின் ஹாண்டில்தான் பிடித்தது. எண்ணெயை மறித்த யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது, கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய ஆள். அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒரு கான் பெற்றோல் எப்போதும் ஒளித்துக் கிடக்கும்.

அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. மனைவி அழகம்மாவின் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கிழமையில் இரண்டு நாள் வவுனியா ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் ஆள் இல்லை. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடே எண்ணெய்க்கு நின்றபோது ஆண்டியப்பன் மூன்று நாள் வரிசையில் கிடந்தார். அழகம்மாவின் தவணை தப்பிப்போனது. பெற்றோலோடு வந்து பார்த்தால், முகமும் காலும் ஊதி மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாள். அருந்தப்பில் உயிர் தப்பியது. ஏன் பிந்தினீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை, கேட்காததுதான் அவரை இத்தனை வருசமாய்த் தின்றது.

இந்த வருசம் மகள் தர்மிளா ஒற்றைக்காலில் நின்று அவர் ஓடிய பழைய பெற்றோல் ஓட்டோவைக் கொடுத்துவிட்டுப் பற்றறி ஓட்டோ எடுப்பித்தாள்.

"அப்பா, வீட்டுச் சுவரில பிளக்கைச் செருகினாக் காணும். வவுனியா போய் வரலாம்."

"ஓம், ஓம்" என்றாரே ஒழிய அவர் நம்பவில்லை. சத்தமே இல்லாத வண்டியை எப்படி நம்புவது? ஒளித்த கானை எடுத்துப் பின்சீற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் ஓடினார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

புது ஓட்டோ வந்த பதினோராம் நாள் அழகம்மாவின் மெசின் நாள். காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணிக் கடையில் கதை வந்தது.

"எண்ணெய்க் கப்பல் வரேல்லையாம். பெற்றோல் செட்டில இப்பவே சனம்."

அவ்வளவுதான். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு ஓட்டோவில் பாய்ந்தார். பெற்றோல் செட் வரிசையின் வாலில் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் முப்பது வாகனம். வரிசை நகரும்போதெல்லாம், பெற்றோலை மிச்சம் பிடிக்க, இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினார். பின்னால் மோட்டார் சைக்கிளில் நின்ற பொன்னையா ஏதோ கேட்க வாயெடுத்தான். பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளை உருட்டினான்.

எட்டு மணிக்குப் போன் அடித்தது. அழகம்மா.

"என்னப்பா, எங்க நிக்கிறியள்? நான் வெளிக்கிட்டு நிக்கிறன். பத்து மணிக்கு மெசின்."

"கொஞ்சம் பொறு. வரிசையில நிக்கிறன். முன்னால ஒம்பது பேர்தான். இந்தமுறை விடமாட்டன்."

"என்ன வரிசை?"

"பெற்றோலுக்கு."



"எதுக்கப்பா பெற்றோல்?"

ஆண்டியப்பன் வண்டியைப் பார்த்தார். ஹாண்டிலுக்கு நடுவில் பற்றறியின் அளவு காட்டும் பச்சைக் கோடுகள் அத்தனையும் நிறைந்திருந்தன. "ஐயோ கடவுளே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது.

பொன்னையாவுக்கு இனித் தாங்கவில்லை. "அண்ணை, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. இதுக்கு எங்க பெற்றோல் விடுறது?"

"எனக்கும் தெரியாது தம்பி!" சீற்றுக்கு அடியிலிருந்து கானை இழுத்து அவனிடம் நீட்டினார். "இந்தா, இதை ஊத்திக்கொண்டு வீட்ட போ. எனக்கு இனி வேண்டாம்."

அழகம்மா பையோடு வீட்டு வாசல் படலையடியில் நின்றாள். "வயசு போகப் போக விசரும் கூடுது" என்றபடி ஏறினாள். புளியங்குளத்தில் இன்னொரு வரிசை. நிற்காமல் கடந்தார்கள். வண்டிக்குள் மூச்சு விடுவது கூடக் கேட்டது. பழைய ஓட்டோவின் இரைச்சலில் அவர் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

"அழகம்மா, அண்டைக்கு நான் நேரத்துக்கு வரேல்லை."

"அண்டைக்கும் எனக்காகத்தானே வரிசையில கிடந்தனீங்கள்? இண்டைக்கும் எனக்காகத்தானே விசரன் மாதிரி நிண்டனீங்கள்?" என்றாள் அவள். "ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

பத்துக்குக் கால் மணி இருக்க ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார்கள். மெசின் ஓடத் தொடங்கியதும் ஆண்டியப்பன் வெளியே வந்து, ஆட்கள் இருக்கப் போட்டிருந்த மர வாங்கில் சாய்ந்தார். தாதி வந்து தட்டி எழுப்பும்வரை குறட்டை விட்டுத் தூங்கினார்.