அச்சுக்குப் போகாத மூன்று பக்கங்கள்

எங்கள் மூத்த சகோதரர் காக்கா வபாத்தாகி இன்றுடன் முந்நூற்று ஐம்பத்து நான்கு நாட்கள். பிறைக் கணக்கில் ஒரு வருடம். பதினொரு நாள் முந்திவிட்டேன் என்று நாட்காட்டியோடு யாரும் வரவேண்டாம், சரியாகத்தான் எண்ணியிருக்கிறேன். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக.

காக்கா மூதூரில், எங்கள் நால்வரில் மூத்தவராகப் பிறந்தார். முப்பத்து மூன்று வருடம் சரித்திரம் படிப்பித்தார். பொய் சொன்ன பிள்ளையை அடிக்கமாட்டார். அதையே மூன்று தரம் சொல்லச் சொல்வார். மூன்றாம் தரத்தில் அநேகமாக உண்மை வந்துவிடும்.

எங்கள் தகப்பன், வாப்பா, திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் படகில் வேலை செய்தவர். வெள்ளைக்காரர் காலத்தில், கடலுக்கு அப்பால் ஒரு முஸ்லிம் நாட்டின் விடுதலை இயக்கத் தலைவரை நாடுகடத்திக் கொண்டுபோன கப்பல் இங்கே மூன்று நாள் நின்றது. இயக்கத்தாருக்குத் தாம் எழுதிய கடிதத்தை, கொழும்பில் ஒரு வியாபாரியிடம் சேர்க்கும்படி தலைவர் வாப்பாவிடம் கொடுத்தார். படகில் கூட இருந்தவர் அதைப் பார்த்தார். சுதந்திரத்துக்குப் பிறகு ஊருக்கெல்லாம் சொன்னார். கடிதம் போய்ச் சேர்ந்தது என்றே ஊர் எடுத்துக்கொண்டது. எங்கள் வாசிகசாலைக்கு வாப்பாவின் பெயர் வைத்தது அதனால்தான்.

அந்தத் தலைவரைப் பற்றிக் காக்கா இருபத்தாறு வருடம் எழுதினார். ஆயுதம் எடுக்க நின்றவர்களையும் ஒப்பந்தம் பேச நின்றவர்களையும் பிரியவிடாமல் பிடித்துவைத்திருந்ததுதான் அவருடைய பங்கு என்று காட்டினார். அவரைக் கொண்டுபோன பிறகு அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இயக்கம் இரண்டாகி, ஒரு பகுதி மற்றதைக் காட்டிக்கொடுத்தது.

யுத்தத்தில் மூதூரை விட்டு ஓடியபோது காக்கா தூக்கியது ஒரு பிஸ்கட் டின். மதினி வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தார். "சட்டிபானைய உட்டுட்டுக் கடதாசியத் தூக்கிட்டு வாறீங்களே. அவிச்சித் திங்கவா?" முகாமில் நாற்பத்தோராம் நாள் மதினி வபாத்தானார். ஊர் திரும்பியது காக்காவும் மகளும் டின்னும்தான்.

டின்னில் அந்தக் கடிதமும் இருந்தது. ஒட்டுப் பிரிக்காத கடிதம். வாப்பா தமது கடைசி நாட்களில் காக்காவிடம் மட்டும் கொடுத்தது. "பயந்துட்டன் மகன். ஒரு நாள் பிந்திச்சு. பிறகு ஒவ்வொரு நாளும் பிந்திச்சு."

காக்கா இதை எழுதி முடித்துத் தந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. அவர் தந்தது இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடைசி மூன்றில் வாப்பாவின் கதை. வாசிகசாலைப் பலகையையும் ஊர் வாயையும் நினைத்து, நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் அந்த மூன்றையும் உருவினேன். அச்சகத்துக்குப் போனது இருநூற்று ஒன்பது.

புத்தகம் வந்தபோது காக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். பின்பக்கத்திலிருந்து புரட்டினார்.

"தம்பி, எண்ணுறதுல நீ பிழை உடமாட்டாய். மூணு பக்கம் எங்க?"

அச்சகத்தில் விடுபட்டுப் போனதாகச் சொன்னேன்.

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை. புத்தகத்தை மூடித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஆறாம் நாள் வபாத்தானார்.

கடிதத்தைத் தலைவருடைய நாட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். எண்பத்தெட்டு நாளாகிறது, பதில் இல்லை. பலகையை ஊர் என்ன செய்யுமோ செய்யட்டும்.

நான்கு மாதம் படுக்கையில் பார்த்த காக்காவின் மகளுக்கும், ஏழு தரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன பக்கத்து வீட்டு ஆட்டோக்காரருக்கும், குளிப்பாட்டிக் கபனிட்ட ஐவருக்கும், ஜனாஸாவைத் தோள்மாற்றிச் சுமந்த அனைவருக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக.

காக்கா, மூன்றாம் தரம் நீங்கள் கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். பக்கங்கள் என்னிடம்தான் இருந்தன. இந்த நினைவுத் தாளைப் புரட்டினால் அவை இருக்கின்றன. மூன்றும்.