சர்பத்தைச் சரித்து ஊற்றியவர்

இன்று ஜும்ஆ முடிந்து வரும்போது அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று அழைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சர்பத் குடிக்கக் கூப்பிட்டார்.

சுனாமி வந்ததே ஊரில் குடி கூடியதால்தான் என்று ஐந்து வருடமாக எல்லோருக்கும் பயான், அதாவது மார்க்கப் பிரசங்கம், செய்கிற மகான்.

மேசையில் குழாய் வைத்த ஒரு சின்ன சில்வர் பீப்பாய். பார்த்ததும் தெரிந்துவிட்டது. சுனாமி வீடு கட்ட வந்து இவர் மாடியில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரன், தானே பியர் காய்ச்சி நிரப்பி வைத்திருந்த பீப்பாய். அவனுக்கு நான்தான் டிரைவர்.

"இது என்ன காக்கா?"

"அவன் போகக்குள்ள தந்துட்டுப் போன சாமான் தம்பி. உள்ளுக்க என்னத்த வச்சிருந்தானோ, நமக்கென்ன தெரியும்?"

சொல்லிக்கொண்டே குழாயைத் திறந்தார். முதலில் வந்த அரைக் கிளாஸை வெளியே கொட்டினார். அடுத்த கிளாஸைச் சரித்துப் பிடித்து, ஓரமாக வழியவிட்டு, நிரம்பும்போது மெதுவாக நிமிர்த்தினார்.

வெள்ளைக்காரனும் அப்படித்தான் ஊற்றுவான். வண்டல் போகவும், நுரை பொங்காமல் இருக்கவும்.

வாங்கிக் குடித்தேன். சர்பத் நல்ல இனிப்பு.

நீங்களாவது சொல்லுங்கள். ரோஸ் சர்பத் எந்த ஊரில் நுரைக்கிறது?