முந்தின நாளே போகிறவள்

வேன் கதவை மூன்றாவது முறையாக ஓங்கிச் சாத்தி, ஒருவழியாக அது மூடிக்கொண்டதும், ஃபிதான்கா முன்சீட்டில் சாய்ந்துகொள்கிறாள். "கெளப்பு மெத்தோ. பரீட்சை நாளைக்குத்தான். ஆனா கட்டடம் இன்னைக்கே அங்க நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?" வருஷா வருஷம் ஜூலையில் இதே பேச்சு. வேனும் என்னுடையதுதான், ஓட்டுவதும் நான்தான். பின்சீட்டுப் பிள்ளைகள்தான் மாறுவார்கள்.

ஃபிதான்காவுக்கு வயது முப்பத்துநான்கு. க்யூஸ்தெந்தில் நகர மருத்துவமனையில், குழந்தைகள் பிரிவில் நர்ஸ். ஊர் ஒதுக்கிவைத்த எங்கள் ரோமா ஜனங்களின் குடியிருப்பான மஹல்லாவில் பிறந்து, வேலை கிடைத்த பிறகும் அங்கேயே குடியிருப்பவள். நடையைப் பார்த்தால் ஏதோ பஸ்ஸைத் தவறவிடப் போகிறவள் போல இருக்கும். கைப்பையில் விண்ணப்பப் படிவங்களோடு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றும் எப்போதும் கிடக்கும். இதுவரை ஏழு பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கிறாள். தேறிவிட்டோம் என்று யாராவது குதித்துக்கொண்டு வந்தால், கட்டிப்பிடிப்பதெல்லாம் கிடையாது. "சரி, அடுத்தது என்ன?" என்பாள்.

தலைநகர் சோஃபியாவில் தேர்வுக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகளை அவள் முதலில் தேடவைப்பது கழிப்பறையை. பதினெட்டு வயதில் தேர்வெழுதப் போனபோது, அது எங்கே என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அந்த அறையில் அவள் ஒருத்திதான் எங்கள் ஆள். கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பாதித் தாளை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். மறு வருஷம்தான் தேறினாள். "உயிரியல் எனக்குத் தண்ணிபட்ட பாடு. நான் தோத்தது மூத்திரத்துக்கிட்ட" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

சனிக்கிழமை மதியங்களில் அவள் சமையலறையில் நேர்முகத் தேர்வுக்கான பயிற்சி நடக்கும். அடுப்பில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டே கடுகடுத்த அதிகாரியாக மாறிவிடுவாள்.

"எந்தத் தெருவிலேர்ந்து வர்றே?"

எதிரே நிற்கிற பெண் தலையைக் குனிவாள்.

"தரையில என்னடி எழுதியிருக்கு? விடையா?"

"இல்லக்கா."

"அப்ப என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. மஹல்லான்னு சொல்லு. அது திட்டு இல்ல, விலாசம்."

இந்த வருஷத்துப் பெண் வியோலெதா. மருத்துவச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அப்பா ஆசென் தெருக்களுக்குக் கல் பதிக்கிறவர். ஜூன் மாதம், செர்ரி பறிப்பு முடிகிற சமயத்தில், குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதென்று அவர் திடீரென முடிவு செய்தார். பஸ், தேர்வுக்கு மறுநாள் காலை. அவளைத் தேர்வெழுத அனுப்பவும் மாட்டேன் என்றுவிட்டார். கேள்விப்பட்ட ஃபிதான்கா மருத்துவமனை உடுப்பைக்கூட மாற்றாமல் நேரே அவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"பொட்டப்புள்ளையத் தனியா சோஃபியாவுல விட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார் ஆசென்.

"என்னைப் பத்தி அந்த நாலு பேரு பேசாததா அண்ணே? அவங்க புள்ளைக்குக் காய்ச்சல்னா யார் கதவைத் தட்டுறாங்க?"

"அதெல்லாம் சரிதான். ஆனா எம் பொண்ணு எங் கண்ணு முன்னாடி இருக்கணும், ஃபிதான்கா."

ஃபிதான்கா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"சரி. நீயும் வாண்ணே. கட்டடத்தைப் பாரு, ஹாஸ்டலைப் பாரு. பார்த்துட்டு வேணாம்னா, நானே வந்து உங்களை ஜெர்மனி பஸ்ல ஏத்தி விடுறேன்."

ஆசென் தன் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார். சோஃபியாவில் மகள் கழிப்பறையைத் தேடிப் போன நேரத்தில், அவர் ஹாஸ்டலில் ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். முற்றத்துக் கல்லைக் குதிகாலால் தட்டி, "எவனோ அவசரத்துல பதிச்சிருக்கான்" என்றார். கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று காவலாளியிடம் விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "எங்க ஜனத்துப் புள்ளைங்க யாராவது இங்க இருக்காங்களா?"

"மூணு பேரு. ரெண்டாவது மாடில ஒருத்தி பாடிக்கிட்டே இருப்பா, எங்களால தூங்க முடியல."

ஆசென் முதல்முறையாகச் சிரித்தார். ஜெர்மனிப் பயணம் இப்போதைக்கு வேண்டாம் என்று மனைவிக்கு அங்கிருந்தே போன் செய்தார். மறுநாள் தேர்வு முடியும்வரை தேர்வுக் கட்டட வாசலை விட்டு நகரவில்லை.

முடிவு வந்தபோது ஃபிதான்கா என் வேனருகே நின்றிருந்தாள். "கெடைச்சிருச்சுக்கா!" என்று போனில் வியோலெதா அலறியது எனக்கே கேட்டது. "சரி, அடுத்தது..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் போனை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் எங்கள் சந்தில் கிளாரினெட்டும் மேளமும் ஓயவில்லை.

செப்டம்பரில் மெத்தை, போர்வை, ஊறுகாய் ஜாடிகளோடு வியோலெதாவை ஹாஸ்டலில் விட்டோம். கீழே இறங்கிய பிறகு ஆசென் வேனில் ஏறவில்லை. நான்காவது மாடியில் மகளின் அறை ஜன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டார். நான் ஹாரனில் கையை வைத்தேன். ஃபிதான்கா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி சூரியகாந்தி விதையை எடுத்து, அவர் உள்ளங்கையை விரித்து, பாதியைக் கொட்டினாள். இரண்டு பேரும் விதையைக் கொறித்துக்கொண்டே மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.