காகிதம் கைக்கு வரும்வரை

மாணவர் விசாவில் ரங்கூனுக்கு வந்த சதாசிவத்துக்கு 1963-ல் படிப்பு முடிந்தும் ஊர் திரும்ப மனமில்லை. ரங்கூனின் அலோன் பேட்டையில் பிறந்து வளர்ந்த தங்கமணியைக் கட்டிக்கொண்டான். பர்மாக் குடியுரிமை உள்ளவளின் புருஷனுக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைக்கும் என்ற எண்ணம்தான். அது அவளுக்கும் தெரியும்.

"காகிதம் உங்க கைக்கு வர்ற வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன், போதுமா?" என்று சிரிப்பாள்.

மறுவருட மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். செத்தவர் ஏழு நாள் வீட்டிலேயே இருப்பார், ஏழாம் நாள் வழியனுப்பவேண்டும் என்பது பர்மியர் நம்பிக்கை. கதவைத் திறந்துவைத்து, குடிக்கத் தண்ணீரும் வைப்பார்கள். சதாசிவமும் வைத்தான்.

ஆறாம் நாள் பகலில் இமிகிரேஷன் ஆபீசர் ஊ தெயின் விசாரணைக்கு வந்தார்.

"சம்சாரம் வீட்டில இருக்கா?"

சதாசிவம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். ஊ தெயின் தண்ணீர்ப் பானையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, காலிக் கட்டிலருகே போய்ப் பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றார். தலையாட்டினார். 'மனைவி வீட்டில் இருக்கிறார்' என்று எழுதி, ஓராண்டு அனுமதி தந்தார்.

ஏழாம் நாள் சதாசிவம் அவளை வழியனுப்பவில்லை. தினமும் பானையை நிரப்பினான்; விடிந்து பார்த்தால் ஒரு விரற்கடை குறைந்திருக்கும். ஊ தெயினும் வருடாவருடம் வந்தார், கேட்டார், எழுதினார்.

1969-ல் நிரந்தர அனுமதிக் காகிதத்தையே கொண்டுவந்து நீட்டினார். சதாசிவம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா. என் கையில மட்டும் குடுத்துடாதீங்க."