நிற்கும்போது பிடிக்கிற மோட்டார்

என் அக்கா நிர்மலாவைக் கட்டியவர் மாதேஷ். கம்பைநல்லூரில் வாசக்கதவுகளுக்குப் பூவேலை செய்கிறவர். அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். யார் மேல் கோபம் என்று கேட்டால்தான் முழிப்பேன்.

உளி பிடிக்கிற வலது கை நடுங்க ஆரம்பித்ததை மாமா யாரிடமும் சொல்லவில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். சட்டைப் பித்தானை அக்காவைப் போட்டுவிடச் சொன்னார். ஒரு கதவில் கொடியின் தண்டே அறுந்துபோன பிறகுதான் சேலத்துக்குப் போனார்கள். நரம்புக் கோளாறு, மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்கும், அடியோடு போகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில், "எனக்கு வேற வேலை தெரியாதே" என்று மட்டும் சொன்னாராம் மாமா. அக்கா என்னிடம் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அப்புறம் யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு என் வெல்டிங் பட்டறையில் வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் மரத்தைத் தானே குடைகிற சிஎன்சி மிஷின். பெரிய மிஷின் நமக்கு எட்டாது, சின்னதாக நாமே செய்வோம் என்றார். சட்டத்தை நான் அடித்துக் கொடுத்தேன். குடைகிற தலையை முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் நகர்த்த மோட்டார் வேண்டும். வினை அங்கேதான் காத்திருந்தது.

எங்கள் பக்கம் மோட்டார் என்றால் போர்வெல் மோட்டார்தான். எத்தனை அடி, எத்தனை எச்பி, அதற்கு மேல் பேச்சு கிடையாது. மாமாவும் கோயம்புத்தூர் கடைக்குப் போன் போட்டு அதையேதான் கேட்டார். "ஸ்டெப்பர் மோட்டாருங்க... எத்தனை எச்பி போட்டா தாங்கும்?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "இதுக்கு எச்பி கணக்கு பார்க்க மாட்டோமுங்க. நிக்கும்போது எவ்வளவு இறுக்கிப் பிடிக்குதுன்னு பார்ப்போம். கரண்ட் இருக்கிற வரைக்கும் நீங்க கையில திருகினாலும் அசையாது. ஆனா மோட்டார் கேக்குற கரண்டை, அதை ஓட்டுற டிரைவ் பெட்டி கொடுக்கணுமுங்க. அது பத்தலைன்னா எவ்வளவு பெரிய மோட்டார் போட்டும் வீண்தான்."

பின்பாதி மாமா காதில் ஏறியதாகத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, "நிக்கும்போது பிடிக்குமாம் மாப்ளே" என்றார். மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் சொன்னார். "சரி சரி, வாங்கித் தொலைங்க" என்று எரிந்து விழுந்தேன்.

கடைக்காரர் மோட்டாரையும் டிரைவையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே அனுப்பியிருந்தார். மாட்டிக் கரண்ட் கொடுத்ததும் மாமா ஒரு மோட்டாரின் தண்டைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். இம்மிகூட நகரவில்லை. அதை விட மனசில்லாமல் பிடித்தபடியே நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் மளிகை வியாபாரி அப்துல் கனி பாய் வந்தார். மகள் உமைராவின் கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். "கைய பத்திக் கேள்விப்பட்டேன் மாதேசு. இருந்தாலும் என் வூட்டு வாசக்கதவு உன் வேலையாத்தான் இருக்கணும். மிஷின்ல செஞ்சாலும் சரி. கல்யாணத்துக்குள்ள முடியுமா?"

"முடியும் பாய்" என்றார் மாமா. இந்தக் கதவு தேறிவிட்டால் அவர் கதவு வேலைக்காரராகவே இருப்பார். தேறாவிட்டால் என்ன ஆவார் என்று நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

முதலில் ஒரு மாம்பலகையில் ஓட்டிப் பார்த்தோம். இலை அழகாக வந்தது. மாமா சந்தோஷத்தில் மோட்டாரைத் தட்டிக்கொடுக்கப் போய்ச் சட்டென்று கையை எடுத்தார். "ஐயையோ, கொதிக்குது! உள்ள இருக்கிற காயில் கம்பி கருகப்போவுது!"

வேறென்ன நினைப்பார்? எங்கள் ஊரில் மோட்டார் கொதித்தால் அதன் கதை முடிந்தது என்று அர்த்தம். மோட்டார் எரிந்து, பயிர் காய்ந்து போனவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். டிரைவில் கரண்டைக் கூட்டவும் குறைக்கவும் அரிசி மாதிரி பொடிப்பொடியாகச் சுவிட்சுகள் இருக்கும். மாமாவின் விரலுக்கு அவை அகப்படவில்லை. அவர் சொல்லச் சொல்ல, அக்கா கொண்டை ஊசியால் தள்ளிக் குறைத்தாள். சூடு அடங்கியது. மாம்பலகையில் பழுதில்லாமல்தான் ஓடியது. அன்றைக்கு மாமா நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பாயின் தேக்குப் பலகையில் பாதிக் கொடி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அங்கே ஒரு கணு இருந்தது. கடகடவென்று சத்தம் கேட்டது, தலை ஒரு நொடி திணறி மறுபடி ஓடியது. இடறியது அந்த மிஷினுக்கே தெரியாது. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, மிச்சக் கொடியை விரல்கடை தள்ளிக் குடைந்துகொண்டே போனது.

"நிறுத்து! நிறுத்துடா!" என்று மாமா கத்தினார். கம்ப்யூட்டரில் இருந்த நான் நிறுத்துவதற்குள் பலகை பாழ். தண்டு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம்.

கடைக்காரரைக் கூப்பிட்டோம். "சூடாத்தாங்க இருக்கும், அதோட சுபாவம் அது. கரண்டைக் குறைச்சா பிடி விட்டுடுமே!" என்றார். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? நாங்கள்தான் கேட்டோமா? எச்பியைத்தானே கேட்டோம்.

பாய் வந்து பார்த்தார். அறுந்த கொடியை விரலால் தடவினார். "பலகை போனா போவுது மாதேசு. நாள் நெருங்கிடுச்சி. தர்மபுரியில கொடுத்துடறேன். மனசுல வச்சிக்காதே." ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

அவர் போன பிறகு அக்கா கொண்டை ஊசியை உருவிச் சுவிட்சுகளைப் பழையபடி தள்ளினாள். பலகையைத் திருப்பிப் போட்டு முடுக்கினோம். அத்தனை பாடு படுத்திய அதே மிஷின்தான். கணுவைத் தாண்டி, தண்டு அறாமல், இலை பிசகாமல் முழுக் கொடியும் வந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பார்த்தீங்களா? பாய் போனா இன்னொருத்தர் வராமலா போயிடுவாங்க?"

மாமா முகத்திலும் கொஞ்சம் வெளிச்சம். "தள்ளு மாப்ளே, அடுத்ததை நான் ஓட்டுறேன்" என்று என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். திரையில் அந்த அம்பு இங்கும் அங்கும் பறந்தது. ஓடவிட வேண்டிய பட்டன் மேல் அது நிற்கவே இல்லை. இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து ஆடின. நான் வேறெங்கோ பார்ப்பது மாதிரி நின்றேன்.

அவர் எழுந்து அக்காவுக்கு நாற்காலியை நகர்த்திவிட்டார்.

"நீயே அமுக்கு நிர்மலா. இதுக்கும் நிக்கிற கை வேணுமாட்டம் இருக்குது."

அக்கா உட்கார்ந்து அமுக்கினாள். மிஷின் ஓடியது.