மருந்து தின்ற கிடாய்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் சிவகாசிக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனைக்குட்டம் போகிற வழியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த முதலாளி ஒருவர் என்னைத் தேடி வந்தார். கழிவு மருந்தைக் கொட்டிக் கொட்டி, கம்பெனிக்குப் பின்பக்க நிலத்தில் புல்கூட முளைக்கவில்லை. மண்ணில் ஊறிய வெடிமருந்து உப்பை மரங்களின் வேர் உறிஞ்சிவிடும் என்று எங்கோ படித்திருக்கிறார். "நட்டுத்தான் பாப்பமே டீச்சர்" என்றார். எனக்கும் ஆசைதான். ஐப்பசி மழையோடு புங்கையும் வேம்பும் நட்டோம்.

பெட்டி கட்டும் பெண்களிடம், "இந்த இலையை ஆடு மாடு தின்னக் கூடாது, சருகை எரிக்கவும் கூடாது, மண்ணைத் தொட்ட கையோடு சாப்பிடவும் கூடாது" என்று சொல்லிவைத்தேன். அவர்களில் ஒருத்தி சரியான வாயாடி. முகத்தில் சிரிப்பே காட்டாமல் கேட்டாள்: "மருந்தக் குடிச்ச மரம் தீவாளிக்குத் தானா வெடிக்குமா டீச்சர்?"

மறு ஆடியில் ஒருநாள் காலை, கல்லூரி வாசலில் ஒருவர் கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிடாய் தெம்பாகத்தான் இருந்தது. அவர்தான் வெலவெலத்துப் போயிருந்தார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய். கம்பெனிக்குள் புகுந்து வேப்பங்கன்றுகளை மொட்டையடித்துவிட்டது. தேடிப் போன இடத்தில் மனிதர் அந்த வாயாடியிடம் மாட்டிக்கொண்டார்.

"அடுப்புக்கிட்டக் கொண்டு போகாதீகன்னு சொல்லுதா, டீச்சர். நேத்துலேர்ந்து நான் பீடியே குடிக்கல."

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். "வெடிக்கவெல்லாம் செய்யாது அண்ணாச்சி" என்றேன். அந்த நேரம் பார்த்துக் கிடாய் ஒரு தும்மல் போட்டது. என் பக்கத்தில் நின்ற வேதியியல் ஆசிரியர் நாலே எட்டில் மாடிப்படியில் இருந்தார். நானும் கொஞ்சம் நகர்ந்துதான் நின்றேன்.

"அப்பக் கறி திங்கலாமா?"

இலையில் எவ்வளவு ஏறியிருக்கும், ஆட்டுக்குள் எவ்வளவு தங்கும், யார் கண்டது? "வேண்டாம்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. "ஆத்தாளுக்குச் சொன்னதாச்சே, கோவிச்சுக்கிட மாட்டாளா?"

அவரைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கலகத்தை மூட்டியவளே தீர்க்கட்டும் என்று வாயாடியைக் கூப்பிட்டேன். அவள் துளியும் கூசவில்லை.

"ஆத்தா இதை வேண்டாம்னுதானே வேலி தாண்ட விட்டிருக்கா? ஒரு சேவலக் குடுத்துட்டு வாங்கண்ணே."

அவர் அப்படியே செய்தார். கிடாய் பிழைத்தது.

பிறகு வேலியை முள் வைத்து அடைத்து மறுபடி நட்டோம். வேம்பு பாதி பட்டுப்போயிற்று, புங்கை பிடித்துக்கொண்டது. சில வருஷம் கழித்து மண்ணைச் சோதித்தபோது உப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. மரம் குடித்ததா, மழை அடித்துப்போனதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதலாளிக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. லோடு ஏற்ற வந்த லாரி டிரைவரைக்கூடப் பின்பக்கம் இழுத்துப் போய்க் காட்டினார்.

ஒரு மத்தியானம் நான் போனபோது, புங்கை நிழலில் பெண்கள் சோற்றுச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வாயாடி முந்திக்கொண்டாள்.

"சாக்கு விரிச்சுத்தான் இருக்கோம், கையும் களுவியாச்சு. வையாம வந்து உக்காருங்க டீச்சர்."

உட்கார்ந்தேன். நிழல் நன்றாகத்தான் இருந்தது.